பக்கத்துக் கல்லூரி நம் ஊருக்கு என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளும் தங்களைச் சுற்றியுள்ள குடும்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் வேலை தேடுவோருக்கும் பல பணிகளைச் செய்கின்றன, செய்யவும் கடமைப்பட்டிருக்கின்றன. ஆனால் எந்தப் பணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியாமலே பெரும்பாலானோர் திரும்பிவிடுகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) முகாம்களிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

காலேஜுன்னா அதுல படிக்கிற பிள்ளைங்களுக்குத்தானே? நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய இரண்டோடு விரிவாக்கப் பணியும் உயர்கல்வி நிறுவனங்களின் மூன்றாவது கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977-ஆம் ஆண்டிலேயே கொள்கையாக ஏற்றது. விரிவாக்கம் என்றால் வளாகத்துக்குள் இருக்கும் அறிவையும் ஆட்களையும் வெளியே இருக்கும் மக்களுக்குப் பயன்படும்படி கொண்டுசெல்வது. அதற்கு முன்பே, காந்தியடிகளின் நூற்றாண்டு ஆண்டான 1969-இல் செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிவிட்டது. 1974-இல், உழவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவது, புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அமைந்தது.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' குழுவும் விரிவாக்கப் பணிக்கு மதிப்பெண் வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் உதவி கேட்டுப் போகும்போது கல்லூரிக்குத் தொந்தரவு கொடுப்பதாகத் தயங்க வேண்டியதில்லை. அவர்கள் செய்ய வேண்டிய பணிக்கு நீங்கள் வாய்ப்புக் கொடுக்கிறீர்கள்.

உள்ளே போனா யாரைப் பார்க்கணும்? கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்திடறாரே.

'முதல்வரைப் பார்க்க வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால் நிறுத்தத்தான் செய்வார்கள். பொறுப்பாளரின் பதவியைச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கோ கிராமத்துக்கோ மாணவர்கள் வர வேண்டுமென்றால் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். குடும்பப் பிரச்சினை, முதியோர் நலம், மனநல ஆலோசனை போன்றவற்றுக்குச் சமூகப்பணித் துறை இருந்தால் அதன் தலைவர். எழுத்தறிவு, தொழிற்பயிற்சி போன்றவற்றுக்கு, பெரிய பல்கலைக்கழகங்களில் 'முதியோர், தொடர்கல்வி மற்றும் விரிவாக்கத் துறை' போன்ற பெயரில் இருக்கும் துறை. வேலை தொடர்பானவற்றுக்கு வேலைவாய்ப்பு மையம்.

நேரில் போவதோடு ஒரு கடிதமும் கொடுப்பது நல்லது. ஊர், தேவை, பயன்பெறுவோர் எத்தனை பேர், தொடர்புக்கு யார் என்ற நான்கும் இருந்தால் ஒரு பக்கமே போதும். ஊராட்சித் தலைவரோ தலைமையாசிரியரோ கையெழுத்திட்டிருந்தால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும். நகல் ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே செய்யுங்கள். ஆண்டுத் திட்டம் அப்போதுதான் வகுக்கப்படுகிறது. தேர்வு நெருங்கும் மாதத்தில் கேட்டால் மனம் இருந்தாலும் அவர்களால் மாணவர்களை அனுப்ப முடியாது.

இதுக்கெல்லாம் காசு கட்டணுமா?

நாட்டு நலப்பணித் திட்டத்தின் பணிகளுக்கும் சட்ட உதவி மையங்களின் ஆலோசனைக்கும் கட்டணம் கிடையாது. வேளாண் அறிவியல் நிலையங்கள் உழவர்களுக்கு நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளில் பெரும்பாலானவையும் இலவசமே. மண் பரிசோதனை, சான்றிதழோடு கூடிய தொழிற்பயிற்சிகள், சமுதாயக் கல்லூரிப் படிப்புகள் ஆகியவற்றுக்குக் கட்டணம் உண்டு. எதற்குப் பணம் கட்டினாலும் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ரசீது வாங்க வேண்டும். ரசீது தர மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எங்க ஊரு வாசல்ல 'தத்தெடுத்த கிராமம்'னு போர்டு வெச்சிருக்காங்க. தத்தெடுத்தா என்னதான் செய்வாங்க?

இரண்டு திட்டங்களின்கீழ் இப்படிப் பலகை வைக்கப்படுகிறது. ஒன்று நாட்டு நலப்பணித் திட்டம். அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமில் ஊரிலேயே தங்கவும் வேண்டும். நூறு மாணவர் கொண்ட ஓர் அலகிலிருந்து பொதுவாக ஐம்பது பேர் முகாமுக்கு வருவார்கள். மற்றொன்று 2014-இல் தொடங்கி 2018-இல் விரிவாக்கப்பட்ட உன்னத் பாரத் அபியான். டெல்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் அத்திட்டத்தில் சேரும் ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள சிக்கல்களைக் கணக்கெடுத்து, தீர்வுக்கு உதவ வேண்டும்.

இவ்விரண்டிலும் சாலை போடவோ தண்ணீர்த் தொட்டி கட்டவோ பணம் இல்லை. அதை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அவர்களிடம் இருப்பது படித்த இளைஞர்களின் உழைப்பும் நேரமும், துறைசார்ந்த பேராசிரியர்களின் அறிவும்தான். அதை எதற்குச் செலவழிப்பது என்பதில் ஊரின் குரல் இருக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் முகாம் பெரும்பாலும் கோயில் வளாகத்தைக் கூட்டுவது, மரக்கன்று நடுவது, விழிப்புணர்வு ஊர்வலம் என்று முடிந்துவிடும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் நட்ட கன்றுகள் அடுத்த கோடையில் காய்ந்து கிடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

என் அனுபவத்தில் முகாம் மாணவர்களால் ஊருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய பயன், வீடு வீடாகச் சென்று விவரம் எடுப்பதும் விண்ணப்பம் எழுதுவதும்தான். முதியோர் உதவித்தொகைக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத பாட்டி யார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாத குழந்தை யார், பள்ளியிலிருந்து நின்றுவிட்ட பையன் யார் என்பதை ஐம்பது பேர் ஏழு நாளில் எடுத்துவிட முடியும். முகாம் முடியும் நாளில் அந்தக் கணக்கெடுப்பின் தொகுப்பு ஒன்றை ஊராட்சியிலும் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். அந்தத் தாள் ஊரில் இருந்தால் அடுத்த ஆண்டு முழுவதும் வேலை செய்யலாம்.

எங்க பள்ளிக்கூடத்துல படிக்கத் தடுமாறுற பிள்ளைங்க நிறைய. காலேஜ் பசங்களை வந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, தலைமையாசிரியர் வழியாகத் திட்ட அலுவலருக்கு அனுப்புவதே சரியான வழி. ஆண்டுக்கு 120 மணி நேரம் ஒரு மாணவரின் பொறுப்பு என்று மேலே சொன்னேன் அல்லவா? அதில் பாதியை வாசிப்புக்கும் கணக்குக்கும் ஒதுக்கினால்கூடப் போதும்.

ஒரே நாளில் வந்து அறிவியல் நிகழ்ச்சி நடத்தி, இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவதைக் காட்டிலும், சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அதே நான்கு மாணவர்கள் அதே பிள்ளைகளிடம் வருவது பன்மடங்கு பயன் தரும். நான்காம் வகுப்புப் பையன் 'பட்டம்' என்பதைப் 'ப', 'ட்', 'ட', 'ம்' என்று பிரித்துப் படித்துவிட்டு, சேர்த்துச் சொல்லத் தெரியாமல் நிற்பான். வகுப்பில் முப்பது பேரை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அவன் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார நேரம் கிடைப்பதில்லை. கல்லூரி மாணவிக்கு அது கிடைக்கும். தொடர்ந்து வந்தால் அந்தப் பையன் சேர்த்துப் படிக்கத் தொடங்குவதை அவளே கண்ணால் பார்ப்பாள்.

ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் எவரும் பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது. பள்ளி ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தைச் சமூக வலைத்தளங்களில் போடக் கூடாது. எதுவும் சரியில்லை என்று தோன்றினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பிள்ளைங்களைக் காலேஜைச் சுத்திப் பார்க்கக் கூட்டிட்டுப் போக முடியுமா?

முடியும். அரசுப் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களை அருகிலுள்ள கல்லூரிக்கு அழைத்துச் செல்லும் கல்லூரிக் களப்பயணம் 'நான் முதல்வன்' திட்டத்தின் ஒரு பகுதி. குடும்பத்தில் எவரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைக்கு ஆய்வகத்தையும் நூலகத்தையும் விடுதியையும் நேரில் பார்ப்பது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அருகில் இருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு, கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் பூச்சி அருங்காட்சியகம் போன்ற இடங்கள் கட்டணத்துடன் திறந்திருக்கின்றன.

பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. என்ன படிக்கலாம், எவ்வளவு செலவாகும்னு யார்கிட்ட கேக்கறது?

தேர்வு முடிந்த பின் மாவட்டந்தோறும் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பெரும்பாலும் ஒரு கல்லூரி வளாகத்திலேயே நடக்கும். உயர்கல்வியில் சேராமல் விட்டவர்களுக்கும் தேர்ச்சி பெறாதவர்களுக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் உண்டு. பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். சேர்க்கையைத் தீர்மானிக்கும் கேள்விகளான பேருந்து, விடுதி, செலவு ஆகியவை பெற்றோர் மனத்தில்தான் இருக்கும். கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம்.

செலவைப் பற்றி: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், அது 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் அதே தொகையைத் தருகிறது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர் என்றால் அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்பே வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு நாள் நெருங்கிய பின் அலைவது வீண்.

அந்த ஆயிரம் ரூபா வரலை. காலேஜ்ல கேட்டா பேங்க்ல கேளுங்கறாங்க, பேங்க்ல கேட்டா காலேஜ்ல கேளுங்கறாங்க.

முதலில் ஆதார் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும்; ஆதாரில் அது இல்லாமலோ, தந்தை பெயர் முழுதாகவோ இருக்கும்; வங்கியில் தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கும். நம் ஊரில் பணம் தேங்குவதற்கு இது பெரிய காரணம். அடுத்து, அந்தக் கணக்கில் நேரடிப் பணப்பரிமாற்றத்துக்காக ஆதார் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். ஆதார் நகலைக் கொடுத்து வைத்திருப்பதும் இணைப்பதும் ஒன்றல்ல. இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும். யாரும் திறந்து பார்க்காத பழைய கணக்கில் தொகை சேர்ந்திருப்பதும் உண்டு.

இவை சரியாக இருந்தும் வரவில்லை என்றால், கல்லூரியில் இத்திட்டத்துக்கென உள்ள பொறுப்பு ஆசிரியரிடம் விண்ணப்பத்தின் நிலையை இணையத்தில் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். விண்ணப்பம் பதிவேறியதா, எந்தப் படியில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

டிகிரி முடிச்சு ரெண்டு வருஷமா வேலை தேடறேன். நான் படிக்காத காலேஜ்ல எனக்கு ஏதாவது உதவி கிடைக்குமா?

வளாக நேர்காணல் அந்தந்தக் கல்லூரி மாணவர்களுக்கானது. அதில் வெளியார் கலந்துகொள்ள இயலாது. ஆனால் கல்லூரி வளாகங்களில் மாவட்ட நிர்வாகமும் வேலைவாய்ப்புத் துறையும் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் எல்லாருக்கும் பொது. கல்லூரி இடத்தையும் தன்னார்வ மாணவர்களையும் தருகிறது, அனுமதி இலவசம். தன்விவரக் குறிப்பின் நகல்களையும் சான்றிதழ் நகல்களையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்றவற்றில் வேலைவாய்ப்புத் துறையின் பல்கலைக்கழக வேலைவாய்ப்புத் தகவல் மற்றும் வழிகாட்டி மையங்கள் இயங்குகின்றன. அவை வேலை வாங்கித் தரும் இடங்கள் அல்ல. எந்தத் தேர்வு வருகிறது, எந்தப் படிப்புக்கு எங்கே வாய்ப்பு, எப்படி விண்ணப்பிப்பது என்பதைச் சொல்பவை. போட்டித் தேர்வு எழுதுபவராக இருந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் கிடைக்கும். குடிமைப் பணித் தேர்வுக்கு, நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வழியாகத் தேர்ந்தெடுக்கப்படும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் படிப்பை விடுகிற பிள்ளைகளுக்கு இத்தொகை உண்மையான தாங்குதல்.

முகாம்ல ஒருத்தர் 'ட்ரெய்னிங் ஃபீஸ் கட்டு, ஆர்டர் உறுதி'ங்கறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். உண்மையான நிறுவனம் வேலைக்கு எடுப்பவரிடம் பணம் வாங்காது. கல்லூரி வளாகத்தில் நடக்கிறது என்பதாலேயே அங்கே வந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கல்லூரி பொறுப்பேற்றுவிட்டதாக எண்ணக் கூடாது. அப்படி யாராவது கேட்டால் அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பையனாவது தப்புவான். சான்றிதழ்களின் மூலப்படிகளை எவரிடமும் விட்டுவராதீர்கள்.

நான் பத்தாவதோட நின்னுட்டேன். இதெல்லாம் டிகிரிக்காரங்களுக்குத்தானா?

இல்லை, சொல்லப்போனால் உங்களுக்கான கதவுகள் கூடுதல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பல மாவட்டங்களில் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்களை வைத்திருக்கிறது. வெள்ளாடு, நாட்டுக்கோழி, கறவை மாடு வளர்ப்பில் அங்கே பயிற்சி உண்டு. வேளாண் அறிவியல் நிலையங்களில் காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, சிறுதானியங்களிலிருந்து உணவுப்பொருள் தயாரிப்பு போன்றவை சொல்லித் தரப்படுகின்றன. பெண்கள் குழுவாகச் சென்று கேட்டால் உங்கள் ஊரிலேயே வந்து பயிற்சி நடத்துவதும் உண்டு.

மாதக்கணக்கில் முறையாகக் கற்க விரும்பினால் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. எந்தச் சான்றிதழ் படிப்பில் சேரும் முன்பும் ஒரே ஒரு கேள்வியை வற்புறுத்திக் கேளுங்கள்: 'போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?' இதற்குத் தெளிவான பதில் வராத படிப்பில் பணத்தையும் மாதங்களையும் போட நான் சொல்ல மாட்டேன்.

பயிரு மஞ்சளா போகுது. வேளாண் பல்கலைக்கழகத்துல இருந்து வயலுக்கு வந்து பார்ப்பாங்களா?

உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள். சில நிலையங்களை வேளாண்மைப் பல்கலைக்கழகமும், சிலவற்றைக் காந்திகிராமம், அவினாசிலிங்கம் போன்ற நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. எது நடத்தினாலும் பணி ஒன்றே. விஞ்ஞானிகள் வயலுக்கு வருவதுண்டு, ஆனால் மாவட்டம் முழுவதற்கும் ஒரு சிலரே இருப்பதால் காத்திருக்க நேரலாம். பாதித்த செடியை வேரோடு பிடுங்கி எடுத்துச் செல்வது விரைவான வழி. வேளாண் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமத் தங்கல் திட்டத்தில் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் அவர்கள் வழியாகவும் பேராசிரியர்களைக் கேட்கலாம். அவசரத்துக்கு 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையம் தமிழிலேயே பதில் சொல்லும்.

மண் மாதிரி கொண்டுபோவதானால் வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்க வேண்டும். மேலே கிடக்கும் இலைதழையைக் கையால் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்துப் போல வெட்டி, வெட்டின் இரு பக்கச் சுவரிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழமும், பருத்தி, கரும்பு, வாழை போன்றவற்றுக்கு 22.5 சென்டிமீட்டர் ஆழமும் தேவை. எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை ஒதுக்கிவிடுங்கள். அரைக்கிலோ மிஞ்சும்வரை இதையே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரம் போட்ட உடனே எடுத்த மண் தவறான முடிவைக் காட்டும்.

லா காலேஜ்ல இலவச உதவின்னாங்க. அந்தப் பசங்களே கோர்ட்ல பேசுவாங்களா?

பேச முடியாது, வழக்கறிஞராகப் பதிவு செய்தவரே வழக்காடலாம். சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மையத்தில் மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் உங்கள் பிரச்சினையைக் கேட்டு, மனு எழுதித் தந்து, எங்கே போவது என்று வழிகாட்டுவார்கள். பட்டா, வாரிசுச் சான்றிதழ், கூலி பாக்கி, ஜீவனாம்சம் போன்ற பெரும்பாலான தொல்லைகளில் முதல் தேவையே அதுதான்.

வழக்கறிஞர் வேண்டுமென்றால் அங்கிருந்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கோ அனுப்புவார்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100.

மெடிக்கல் காலேஜ் பசங்க வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கறாங்க, கணக்கெல்லாம் எழுதிக்கறாங்க. நாங்க ஒத்துக்கணுமா?

ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 2021-22 கல்வியாண்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் வகுத்திருக்கிறது. அதன்படிதான் வருகிறார்கள். அவர்கள் இன்னும் மருத்துவர் அல்லர்; ஆகவே அவர்கள் சொல்வதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. ஆனால் அதுவரை அறியாத சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் தெரியவருவதும், கல்லூரி மருத்துவமனையில் கைபிடித்து அழைத்துப் போக ஒரு முகம் கிடைப்பதும் குடும்பத்துக்குப் பெரிய உதவி. நான் என்றால் ஒத்துக்கொள்வேன்.

வேறு துறைகளின் ஆய்வு மாணவர்கள் கேள்வித்தாளோடு வந்தாலும் இதே விதிதான். எந்தக் கல்லூரி, எந்தப் பேராசிரியரின் கீழ், எதற்காக என்று கேட்டு, அடையாள அட்டையைப் பாருங்கள். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். பாதியில் நிறுத்தவும் உரிமை உண்டு. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகியவை எந்த ஆய்வுக்கும் தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் ஆய்வு மாணவராக இருக்க மாட்டார்.

எங்க ஊருக்குப் பக்கத்துல பல்கலைக்கழகமே இல்லையே?

நாட்டு நலப்பணித் திட்டம் அரசு மற்றும் உதவிபெறும் கலைக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும், பல மேல்நிலைப் பள்ளிகளிலும்கூட இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையம் மாவட்டம் முழுவதற்கும் பொறுப்பு. எனவே பல்கலைக்கழகத் தலைமையிடம் தொலைவில் இருந்தாலும் அதன் கை உங்கள் வட்டத்தில் இருக்கும். இரண்டாவது பதிலில் சொன்ன கடிதத்தை அங்கே கொடுங்கள்.

வர்றாங்க, பேனரோட போட்டோ எடுக்கறாங்க, போயிடறாங்க. அப்புறம் ஆளே காணோம். இதுக்கு என்ன பண்றது?

இந்தக் குறை நியாயமானது. எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வியும் இதுதான். காரணங்கள் அமைப்பிலேயே இருக்கின்றன. பணியைத் தெரிந்துகொண்ட மாணவர் இரண்டு ஆண்டில் விலகிவிடுகிறார். திட்ட அலுவலரும் சில ஆண்டுகளில் மாறிவிடுகிறார். தரச்சான்றுக் குழுவுக்குக் காட்டப் படமும் வருகைப் பதிவும் இருந்தால் போதும் என்ற மனநிலையும் சில இடங்களில் வளர்ந்திருக்கிறது. வந்த மாணவர்களைக் குறைசொல்வதில் பயனில்லை. ஆள் மாறினாலும் பணி அறுந்துபோகாதபடி ஊர்ப் பக்கத்தில் ஒரு பதிவு இருக்க வேண்டும்.

அதற்கு ஊராட்சியிலோ பள்ளியிலோ ஒரு குறிப்பேடு வையுங்கள். யார் வந்தார்கள், எதைத் தொடங்கினார்கள், எது பாதியில் நிற்கிறது என்று ஒவ்வொரு வருகையின்போதும் எழுதி, வந்தவரிடமே கையெழுத்து வாங்குங்கள். புதிய திட்ட அலுவலர் பொறுப்பேற்றதும் அந்தக் குறிப்பேட்டோடு போய்ப் பாருங்கள். முந்தையவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க அவருக்கும் அது உதவும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைக்குக் கல்லூரிப் பொறுப்பாளரை அழைத்து, செய்ததையும் செய்யப்போவதையும் மக்கள் முன்னிலையில் சொல்லச் செய்யலாம். பெரும்பாலானவர்கள் அழைத்தால் வருவார்கள், அழைப்பவர்கள்தான் குறைவு.

அதற்கும் அசையவில்லை என்றால், அரசுப் பல்கலைக்கழகமும் அரசு, உதவிபெறும் கல்லூரிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-க்கு உட்பட்டவை. உங்கள் கிராமத்தின் பெயரால் நடந்த பணிகள், அதற்கான செலவு, அறிக்கையின் நகல் ஆகியவற்றை 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முதல் வேலையாக இதைச் செய்யாதீர்கள். உறவு முறிந்தால் அடுத்த ஆண்டு உங்கள் ஊரை விட்டுவிட்டு வேறு ஊரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். கடிதம், குறிப்பேடு, கிராம சபை மூன்றும் பலிக்காதபோது மட்டும் இதை எடுங்கள்.